யார் கண்ணீரைப் பார்த்து யார் சிரிக்கிறது?

'யங் லஸ்ட்' என்கிற காமிக்ஸ் இதழை 1970இல் சான்பிரான்சிஸ்கோவில் பில் கிரிஃபித், ஜே கின்னி என்ற இருவர் தொடங்கினார்கள். 1993 வரை விட்டுவிட்டு எட்டு இதழ்கள் வந்தன. 'யங் லவ்', 'யங் ரொமான்ஸ்' என்று கடைகளில் விற்ற காதல் காமிக்ஸ்களின் பகடி அது. பெயரிலேயே காதலை எடுத்துவிட்டுக் காமத்தை வைத்தார்கள்.

எதைப் பகடி செய்தார்கள் என்று பார்க்கணும். 1947இல் ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் தொடங்கிவைத்த வகை அது. ஒரு பெண் 'நான்' என்று தன் கதையைச் சொல்லுவாள், தப்பு செய்வாள், அழுவாள், கடைசியில் ஒருத்தன் தோளில் சாய்வாள். காதல் கதைகள் குடும்பத்தின் மதிப்பையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்தவேண்டும் என்று 1954இல் வந்த காமிக்ஸ் ஒழுங்குவிதி எழுதியே வைத்தது. அந்த விதிக்குக் கட்டுப்படாத அண்டர்கிரவுண்ட் இதழ் என்பதால் 'யங் லஸ்ட்' அந்தப் புனிதத்தைக் கலைக்க முடிந்தது. அதே முகம், அதே கண்ணீர்த்துளி. உள்ளே காமமும் பாசாங்கும். நல்ல வேலைதான், வேணாம்னு யாரும் சொல்லல.

ஆனால் அந்தக் குடும்பம் யாருடைய குடும்பம்? 1950 வாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட காதல் இதழ்கள் வந்த நாட்டில், கறுப்பினப் பெண்களை நாயகிகளாக வைத்து ஃபாசெட் நிறுவனம் 'நீக்ரோ ரொமான்ஸ்' போட்டது. மூணே இதழோட நின்னுபோச்சு. கறுப்பரும் வெள்ளையரும் மணம்செய்வதை 1967இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை 16 மாநிலங்களில் சட்டமே தடுத்திருந்தது. அங்கே திருமணம் வெறும் பாசாங்கு அல்ல, மறுக்கப்பட்ட உரிமை. அழுவதற்கே மூணு இதழ்தான் கிடைச்சவளிடம் போய், 'இந்தக் கண்ணீரெல்லாம் பொய்'னு சொன்னா அவளுக்கு எப்படிச் சிரிப்பு வரும்?

அடுத்தது அந்த 'நான்'. அசல் இதழ்களில் பெண்ணின் 'நானை' எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பகடியிலும் பேனா பெரும்பாலும் ஆண் கையிலேயே இருந்தது. அதே 1970இல் ட்ரினா ராபின்ஸ், பெண்களே எழுதி வரைந்த 'இட் ஏன்ட் மீ, பேப்' இதழைக் கொண்டுவந்தார். 1972இல் 'விம்மன்ஸ் காமிக்ஸ்' முதல் இதழில், பெண்ணைக் காதலிக்கும் பெண்ணின் கதையையும் வரைந்தார். அதைப் பார்த்த மேரி விங்ஸுக்குக் கோபம். எங்க கதையை வெளியிலிருந்து ஒருத்தர் எழுதுறதா என்று 1973இல் 'கம் அவுட் காமிக்ஸ்' இதழைத் தானே எழுதி வரைந்தார். ராபின்ஸின் நல்லெண்ணத்தில் சந்தேகமில்லை. இருந்தாலும் அந்த 'நான்' அவருடையதல்ல.

எட்டு இதழ் 'யங் லஸ்ட்'டைவிட மேரி விங்ஸின் அந்த ஒரு இதழ் பெருசாப் படுவது இதனாலேதான். முன்னது பொய்யான காதல் கதையைக் கிழித்தது. பின்னது அதுவரை சொந்தக் குரலில் வராத காதலை எழுதியது. கிழிப்பதற்குக்கூட ஒரு கதை கிடைக்காதவங்களுக்கு எழுதுறதுதான் முதல் வேலை.