உச்சத்திலும் மாறாத குரல்

மைக்செட் கடையில் எந்தப் பெட்டியைத் தொட்டாலும் “ஆயிரம் வாட் சார்” என்பார்கள். வாட் என்பது ஸ்பீக்கர் தின்னும் தீனி. பாட்டு எவ்வளவு வரும் என்பது வேறு கணக்கு. 500 வாட்டை ஆயிரமாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். திறந்தவெளியில் நான்கு மீட்டரிலிருந்து எட்டு மீட்டருக்குத் தள்ளி நின்றாலே ஏறத்தாழ 6 டெசிபல் போய்விடும்.

அதனால்தான் 2022-இல் வெளிவந்த ஏ.இ.எஸ். 75 என்ற அளவுமுறை மீது எனக்குத் தனிப் பிரியம். பாடகரின் சாரீரத்தைச் சோதிப்பதுபோல அது ஸ்பீக்கரைச் சோதிக்கிறது. முதலில் மெதுவாகப் பாடவிட்டு, அந்தக் குரலின் சாயலைக் கோடாக வரைந்துகொள்கிறது. பிறகு ஒலியைப் படிப்படியாக ஏற்றுகிறது. சாயல் கெடாமல் எதுவரை போகிறதோ அதுவே உச்சம். அதற்கு மேல் வருவது வெறும் கத்தல்.

இதற்கென்றே ஒரு இரைச்சலைச் செய்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் மேயர் சவுண்ட் நிறுவனத்தில் பிறந்த ‘எம்-நாய்ஸ்’ அது. ஒலிச் சோதனைக்குப் பயன்படும் பழைய இரைச்சலான பிங்க் நாய்ஸில் சராசரிக்கும் உச்சிக்கும் உள்ள இடைவெளி எல்லா ஸ்தாயியிலும் ஏறக்குறைய ஒன்றே. இசை அப்படியில்லை. தவிலைக் கேளுங்கள்: தொப்பியில் கழி விழும்போது நாதம் நின்று உருளுகிறது, வலந்தலையில் கூடு போட்ட விரல் பட்டதும் ‘சுளீர்’ என்று ஒரு மின்னல், உடனே மறைகிறது. அந்த மின்னலின் சராசரி சிறியது, உச்சியோ பெரியது. மேல் ஸ்தாயிக்குப் போகப்போக இடைவெளி விரியும் இந்தக் குணத்தை எம்-நாய்ஸ் அப்படியே வைத்திருக்கிறது. இரைச்சலுக்குள் இசையின் உடல்வாகைப் பிடித்து வைத்த வேலை இது. என்னைக் கேட்டால், இதுவே ஒரு கலைப்படைப்பு.

அளக்கும்போது நான் திரையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. ஒவ்வொரு டெசிபலாக ஏற்ற, புதுக் கோடு பழைய கோட்டின் மேலேயே படிந்து வருகிறது. திடீரென்று அடிஸ்தாயிப் பக்கம் லேசாகத் தொய்கிறது. உள்ளே ‘வாய்ஸ் காயில்’ என்ற செம்புக் கம்பிச் சுருள் கொதிக்கிறது என்று அர்த்தம். செம்பு 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் மின்தடை சுமார் 40 சதவீதம் ஏறும். ஆம்ப் அதே வோல்டேஜைக் கொடுத்தாலும் உள்ளே போகும் மின்சாரம் குறையும். பெட்டிக்குப் பின்னால் போய் மோந்தால் சூடான வார்னிஷ் வாடை.

ஒலியை இறக்கிவிட்டுக் காத்திருக்கிறேன். காயில் ஆற ஆற, தொய்ந்த கோடு மெல்ல எழுந்து முதல் கோட்டோடு போய் ஒட்டிக்கொள்கிறது.