தக்காளி உட்காருமா?

தக்காளி உட்காருமா? நகைக்க வேண்டாம், தோழர்களே! இந்த ஒரு கேள்வியைக் கேட்டதற்காக ஒரு நடிகனின் பிழைப்பே கெட்டது என்கிறது ஒரு கதை. விளம்பரப் படத்தில் அவனுக்குத் தக்காளி வேடம். உட்காரச் சொன்னார்கள்; மறுத்தான். காரணம் கேட்டார்கள், சொன்னான். தக்காளியால் நகரவே முடியாது, நகர முடியாதது உட்காருவது எங்ஙனம் என்றான். முப்பது விநாடி விளம்பரத்துக்கு அரை நாள் கூடுதலாகச் செலவாயிற்று. ‘இவன் வம்புக்காரன்’ என்ற பெயர் நகரெங்கும் பரவிற்று.

1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘டூட்ஸி’ என்னும் திரைப்படத்தில் வரும் காட்சி இது. படத்தை இயக்கியவர் சிட்னி போலக். மைக்கேல் டார்ஸி என்னும் நியூயார்க் நடிகனாக டஸ்டின் ஹாஃப்மன் தோன்றுகிறார். அவனுக்கு வேலை தேடித்தரும் ஏஜெண்டாக இயக்குநரே வேடமேற்றிருக்கிறார். ஏஜெண்டு அலறுகிறான், நடிகன் வாதாடுகிறான், கொட்டகை சிரிப்பால் அதிர்கிறது. நாமும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பின்னர் சிந்தித்தோம். காரணம் கேட்டவன் கோமாளி ஆவதும், கேளாமல் உட்காருபவன் கெட்டிக்காரன் ஆவதும் எந்த ஊர் நீதி? கடல் கடந்த நாட்டுப் படத்தைப் பற்றி நமக்கென்ன கவலை என்று கேட்போர் இருக்கலாம். உழைப்பவன் எந்த மண்ணில் தலைகுனிந்தாலும் அது நம் கவலையே.

விளம்பரத் தேர்வு என்றால் என்னவென்று முதலில் காண்போம். நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் அன்றாடம் நடப்பது அது. ஏஜெண்டிடமிருந்து செய்தி வரும்: நாளை இத்தனை மணி, இன்ன தெரு, சோப்புத்தூள் விளம்பரம், வேடம் ‘இளந்தந்தை’. உணவு விடுதியில் பரிமாறிப் பிழைக்கும் நடிகன், தன் வேலை நேரத்தை மற்றொருவனிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு, இளந்தந்தை உடுத்தக்கூடிய சட்டையொன்றை மாட்டிக்கொண்டு ஓடுவான். போய்ப் பார்த்தால் கூடம் நிறைய இளந்தந்தையர்! ஒரே வயது, ஒரே வாகு, ஒரே வகைச் சட்டை. தாளில் பெயரெழுதிவிட்டுக் காத்திருப்பான். முறை வந்ததும் உள்ளே போவான். படக்கருவியின் முன் நின்று பெயர் சொல்ல வேண்டும். முகத்தை இடமும் வலமும் திருப்ப வேண்டும். கையைக் காட்டென்றால் காட்ட வேண்டும். பின்னர், இல்லாத சோப்புத்தூளை எடுத்து, இல்லாத குழந்தையின் சட்டையை வெளுத்து, இருக்கின்ற பல்லைக் காட்டிச் சிரிக்க வேண்டும். ‘நன்றி’ என்பார்கள். ஆயிற்று!

வந்து போக அரை நாள். உள்ளே நின்றது சில நிமிடம். அந்த முதல் தேர்வுக்குக் கூலி கிடையாது. மறு அழைப்பு வரலாம். ‘இன்ன நாளை எங்களுக்கென்றே வைத்திரு’ என்று சொல்லி வைக்கலாம். அதற்குப் பிறகும் ‘வேண்டாம்’ என்று விட்டுவிடலாம். ஏன் வேண்டாம்? மூக்கு நீளமா? முடி நிறம் பொருந்தவில்லையா? மனைவியாக வருபவளைவிட உயரம் குறைவா? எவரும் சொல்ல மாட்டார். 2020இல் பெருந்தொற்று வந்தபின், வீட்டிலேயே தன்னைத் தானே படம்பிடித்து அனுப்பும் முறை பெருகிற்று. பயணம் மிச்சம் என்று மகிழலாம்; ஆனால் விளக்கு, திரை, படக்கருவி அனைத்தும் நடிகன் செலவு. ‘நன்றி’ என்னும் அந்த ஒரு சொல்லைக்கூட அவன் கேட்பதில்லை.

காரணம் சொல்லப்படாத இடத்தில் மூடநம்பிக்கை முளைக்கிறது. ஏன் தள்ளப்பட்டோம் என்று அறியாதவன், ‘நேரம் சரியில்லை’ என்கிறான். ஏன் எடுக்கப்பட்டோம் என்று அறியாதவன், ‘ராசியான சட்டை’ என்று ஒன்றைப் பெட்டியில் மடித்து வைக்கிறான். ஒரே ஒரு வாய்ப்பு, ஒரே ஒரு நாள், அதற்குப் பின் வாழ்வே மாறிவிடும் என்று நம்புகிறான். தலையெழுத்து என்று நாம் எதைச் சொல்லிக் கண்டிக்கிறோமோ, அதுவே அங்கே ‘அதிர்ஷ்டம்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, கோட்டும் சூட்டும் அணிந்து நிற்கிறது. இந்த மயக்கத்தைக் கலை கலைக்கிறதா, வளர்க்கிறதா? இதுவே நாம் இங்கு எழுப்பும் வினா.

‘டூட்ஸி’யின் தொடக்கக் காட்சிகள் நேர்மையானவை என்பதை மனமுவந்து ஒப்புகிறோம். தேர்வுக்குத் தேர்வு அலைகிறான் மைக்கேல். வயது பொருந்தவில்லை என்கிறார்கள். உயரம் பொருந்தவில்லை என்கிறார்கள். மாற்றிக்கொள்கிறேன் என்று அவன் மன்றாடினால், வேறொருவரைத் தேடுகிறோம் என்று முடித்துவிடுகிறார்கள். விடுதியில் பரிமாறி வயிறு வளர்க்கிறான். இளையவர்க்கு நடிப்புக் கற்பிக்கிறான். திறமை இல்லையென்று எவரும் சொல்லவில்லை. ஆயினும் வேலை இல்லை. இதுவரை உண்மை. இதற்குப் பின்?

பெண் வேடம் புனைந்து, டாரதி மைக்கேல்ஸ் என்று பெயர் சூட்டிக்கொண்டு, தொலைக்காட்சித் தொடரொன்றில் நுழைகிறான். நாடு போற்றும் நட்சத்திரம் ஆகிறான். பெண்ணாக நடித்தவன் பெண்ணின் துயரை உணர்ந்தான் என்ற அளவில் படம் நம் பாராட்டுக்குரியது. ஆனால் அந்த வேடத்துக்கு முதலில் தேர்வுக்குப் போனவள் யார்? சாண்டி என்னும் தோழி. மைக்கேலே அவளுக்குப் பயிற்சி கொடுத்தான், துணைக்கும் சென்றான், அவள் தள்ளப்பட்டாள். அவள் இழந்த வேலையை அவன் வேடமிட்டுப் பெற்றான். அவள் அழுகையும் நகைச்சுவை ஆகிறது. படம் தன் வழியே போகிறது. டெரி கார் மிகச் சிறப்பாக நடித்த அந்தச் சாண்டிதான், நம் கருத்தில், உண்மையான தொழில்முறை நடிகை. வென்றவனின் கதையை இரண்டு மணி நேரம் சொன்னார்கள். தோற்றவளின் கதையைச் சில நிமிடத்தில் சிரித்து முடித்தார்கள். பரிசுச்சீட்டுக்காரன், பரிசு விழுந்த ஒருவனின் படத்தை மட்டும் கடைவாயிலில் தொங்கவிடுவதில்லையா? அதைப் போன்றதுதான் இது.

ஐந்தாண்டு கழித்து, 1987இல், வேறொரு குரல் எழுந்தது. ராபர்ட் டவுன்செண்ட் என்னும் கறுப்பினக் கலைஞர், சொந்தச் சேமிப்பையும் கடன் அட்டைகளையும் நம்பி, ஏறத்தாழ 100,000 டாலரில் ‘ஹாலிவுட் ஷஃபிள்’ என்னும் படத்தை எடுத்தார், தாமே நடித்தார். பாபி டெய்லர் என்னும் இளைஞன். தாயும் பாட்டியும் தம்பியும் உள்ள எளிய குடும்பம். கடையில் நின்று தின்பண்டம் விற்றுக்கொண்டே தேர்வுகளுக்கு ஓடுகிறான். அவனுக்குக் கிடைக்கும் வேடம் என்ன? ரவுடிக் கும்பலின் தலைவன்! கறுப்பர் எப்படி நடப்பர், எப்படிப் பேசுவர் என்று அவனுக்கே பாடம் நடத்துகிறார்கள் வெள்ளையர். கறுப்பு நடிகர்க்கு அடிமை வேடமும் திருடன் வேடமும் கற்பிக்கும் பள்ளி ஒன்றைக் கற்பனையில் காட்டுகிறார் டவுன்செண்ட். அந்தப் பகுதி சாட்டையடி! சிரிக்கச் சிரிக்க உறைக்கிறது.

தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான், பாட்டி பார்த்துக்கொண்டிருக்கிறாள். படப்பிடிப்பின் நடுவே பாபிக்குத் தன்மானம் பேசுகிறது. வேடத்தை உதறி எறிந்துவிட்டு வெளியேறுகிறான். முடிவில் அவனை எங்கே காண்கிறோம்? அஞ்சல் துறையின் விளம்பரப் படத்தில், அஞ்சல்காரனின் சீருடையில்! ரவுடியாக நடித்து நட்சத்திரம் ஆவதைவிட, உழைப்பவனாக முப்பது விநாடி நிமிர்ந்து நிற்பது மேல் என்கிறது படம். கைதட்டினோம், இன்றும் தட்டுவோம்.

ஆயினும் கேட்காமல் இருக்க முடியவில்லை. பாபி உதறிய வேடம் காலியாகவா கிடக்கும்? வாயிலில் அடுத்தவன் நிற்கிறான்; அவனுக்கும் வாடகை பாக்கி இருக்கிறது. ஒருவனின் தன்மானம் ஒருவனைக் காக்கும், வரிசையைக் காக்குமா? மைக்கேலின் பிடிவாதமும் பாபியின் மறுப்பும் தனிமனிதர் இருவரின் வீரம். வீரத்துக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் வீரனாய் இருந்தால்தான் மானத்தோடு வாழலாம் என்பது ஒரு தொழிலுக்கு அழகா? எளியவனும், அஞ்சுபவனும், குழந்தைக்குப் பால் வாங்க வேண்டியவனும் மானத்தோடு வாழ வழி வேண்டாமா?

அந்த வழி இருந்தது. இரு படங்களும் அதைக் கதையின் மையத்துக்குக் கொண்டுவரவில்லை.

1933இல் அமெரிக்கத் திரை நடிகர்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். அச்சங்கத்தின் முதல் வேலைநிறுத்தம் எதற்காக என்று நினைக்கிறீர்கள்? மாளிகை வாழ் நட்சத்திரங்களின் சம்பளத்துக்காகவா? அன்று! தொலைக்காட்சி விளம்பரத்துக்காக. 1952 டிசம்பரில் தொடங்கி 1953 பிப்ரவரி வரை நடந்த அந்தப் போராட்டத்தின் பயனாக ஓர் உரிமை நிலைபெற்றது: ஒரு நாள் நடித்த படத்தை ஓராயிரம் முறை காட்டிவிட்டு, ஒரு நாள் கூலியோடு கைகழுவ முடியாது. திரும்பக் காட்டுவதற்கு, திரும்பக் கொடுக்க வேண்டும். அதுமட்டுமன்று. ஒரு குளிர்பானத்துக்கு நடித்தவன் அதன் போட்டிப் பானத்துக்கு நடிக்கலாகாது என்று தடை போடுகிறார்களே, அந்தத் தடைக்கும் விலை உண்டு; விளம்பரத்தைக் கைவசம் வைத்திருக்கும் வரை, 13 வாரத்துக்கு ஒருமுறை தொகை தர வேண்டும்.

2000ஆம் ஆண்டு இந்த உரிமையின் ஆணிவேரில் கைவைத்தனர் விளம்பர முதலாளிகள். ஒளிபரப்பும் ஒவ்வொரு முறைக்கும் தரும் ஊதியம் வேண்டாம், மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள் என்றனர். மே முதல் நாள் தொடங்கியது வேலைநிறுத்தம். அக்டோபர் வரை, ஏறத்தாழ ஆறு மாதம், பேர்பெறாத நடிகர்கள் தெருவில் நின்றனர். இளந்தந்தைகள், இளந்தாய்கள், சிரிக்கும் பாட்டிகள், பல் மருத்துவர் வேடத்தினர்! தேர்வுக் கூடத்தில் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் அளந்தவர்கள், வீதியில் ஒரே பதாகையைப் பிடித்தனர். அந்த நாட்களில் சங்கக் கட்டுப்பாட்டை மீறி விளம்பரம் செய்த கோல்ப் வீரர் டைகர் உட்ஸுக்கும் நடிகை எலிசபெத் ஹர்லிக்கும் சங்கம் அபராதம் விதித்தது. முடிவில், பெரிய ஒளிபரப்பு நிறுவனங்களுக்கான முறைவாரி ஊதியம் காக்கப்பட்டது. மைக்கேல் தனியாக நின்று கேட்டபோது வம்பு. ஆயிரவர் சேர்ந்து கேட்டபோது ஒப்பந்தம்!

சங்கம் எல்லாத் துயரையும் துடைத்துவிட்டது என்று நாம் மயங்கவில்லை. 2023இல் சங்கத்தின் உடல்நலக் காப்புக்குத் தகுதிபெற ஆண்டுக்கு 26,470 டாலர் ஈட்ட வேண்டியிருந்தது. உறுப்பினரில் பெரும்பாலோர் அந்த எல்லையை எட்டவில்லை. அதே ஆண்டு திரைப்படத்துக்கும் தொடர்களுக்குமாக 118 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. நடிகனின் உருவையும் குரலையும் கணிப்பொறி போலி செய்யும் காலத்தில், அவன் இசைவும் அவனுக்குரிய ஊதியமும் இன்றி அதைச் செய்யலாகாது என்பது அன்றைய கோரிக்கைகளுள் ஒன்று. தேர்வுக் கூடத்தில் வரிசை குறையவில்லை. ‘வேண்டாம்’ என்பதற்குக் காரணம் சொல்லும் விதியும் வரவில்லை. ஆனால் வந்த உரிமை ஒவ்வொன்றும் கேட்டு வந்தது. அதிர்ஷ்டத்தால் வந்தது ஒன்றில்லை.

‘நகைச்சுவைப் படத்தில் சங்கக் கணக்குப் படிக்கச் சொல்கிறீரோ?’ என்று கலை அன்பர்கள் சினக்கக்கூடும். இல்லை, நண்பர்களே. நாம் கேட்பது ஒரே ஒரு காட்சி. பாபி அஞ்சல்காரன் உடையில் நிற்கிறானே, அவன் தோளில் பை தொங்குகிறதல்லவா? உண்மையான அஞ்சல்காரனின் பையில் ஓர் உறை இருக்கும். என்றோ ஒருநாள் நடித்த முப்பது விநாடிக்காக, யாரோ ஒரு சாண்டிக்கு, மறு ஒளிபரப்பின் ஊதியம் அதற்குள் இருக்கும். அவள் அதைப் பிரிக்கிறாள், வாடகையைக் கட்டுகிறாள், மறுநாள் தேர்வுக்குப் போகிறாள். நட்சத்திரம் ஆகவில்லை; ஆயினும் அடிமையும் ஆகவில்லை. அந்த உறையைத் திறந்து காட்டும் படம் வரட்டும். அதுவரை, தக்காளி உட்காருமா என்று கேட்டவனைக் கண்டு சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கேட்டது தவறன்று, தனியாகக் கேட்டதுதான் தவறு.