நொடி பயிற்றும் தாய்: மகப்பேறு, பாலூட்டல், முதற்கல்வி பற்றிய இலக்கிய மரபு – ஒரு மறுநோக்கு

வடசென்னைக் கடற்கரையில் அமைந்த திருவொற்றியூர், மூவர் முதலிகளும் பாடிய பழம்பதி. பட்டினத்தடிகளின் சமாதிக் கோயில் அவ்வூர்க் கடற்கரையிலேயே உள்ளது. பதினோராந் திருமுறையுள் அடங்கிய திருவொற்றியூர் ஒருபா ஒருபஃது பட்டினத்துப் பிள்ளையார் பெயரால் வழங்குவது. அன்னையின் ஈமத்தீயின்முன் பாடியனவாக வழங்கும் பத்து வெண்பாக்களும் பட்டினத்தார் பெயரையே தாங்கியுள்ளன. திருமுறைப் பட்டினத்தார் வேறு, இப்பாடல்களைப் பாடிய பிற்காலத்தவர் வேறு என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. மொழிநடையை நோக்கின் அக்கருத்தே பொருந்துவதாம். எனினும், பாடியவர் யார் என்பதனினும் பாடப்பட்டது யாது என்பதே ஈண்டு எமக்கு முதன்மையான வினா.

இவ்வெண்பாக்களைத் தாய்க்குப் பட்ட கடனை எண்ணி வருந்தும் இரங்கற்பாக்கள் எனக் கொள்வதே பெருவழக்கு. அது பிழையன்று, ஆயின் முழுமையுமன்று. கூர்ந்து நோக்குவார்க்கு, அன்னையின் தொழில் அவற்றுள் மூன்றாக வைத்து எண்ணப்படுதல் புலனாகும். பத்துத் திங்கள் சுமந்து உடல் நொந்து பெற்றமை ஒன்று. முலையூட்டித் தொட்டிலும் கட்டிலும் தோளும் மார்பும் இடமாக வைத்துப் பேணியமை இரண்டு. இனிய பெயர்கள் பலவற்றைச் சொல்லி மகவை அழைத்தமை மூன்று. முதலிரண்டும் யாவராலும் போற்றப்படுகின்றன. மூன்றாவதை அன்பின் மிகுதி எனக் கூறி அமைந்துவிடுவர். வாய்க்கரிசி இடும் மகன் அவ்வாயை எவ்வாறு அடையாளப்படுத்துகின்றான் என்பது நோக்கற்பாலது. உண்ட வாய் என்றோ முத்தமிட்ட வாய் என்றோ அவன் கூறவில்லை. தன்னைச் சொல்லால் அழைத்த வாய் என்கின்றான். பாலால் வளர்ந்த உடம்பைத் துறவி துறந்துவிடலாம். அவ்வாயிடத்துப் பெற்ற மொழியை அவனால் துறத்தல் இயலவில்லை. அம்மொழியாலேயே அவன் வெண்பாப் பாடி அழுகின்றான்.

பெறுதலும் பாலூட்டலும் சொற்பயிற்றலும் ஒரு தொழிலின் மூன்று நிலைகள் என்பதைத் தமிழ் மரபு அறிந்திருந்தது. அறிந்திருந்தும் அம்மூன்றாம் நிலைக்கு ஆசிரியம் என்னும் பெயரை அது தரவில்லை. இவ்விரண்டையும் நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐவகைத் தாயர்

அகத்திணை நூல்கள் பெற்றவளை நற்றாய் என்றும் வளர்த்தவளைச் செவிலி என்றும் பிரித்துரைக்கும். நிகண்டு மரபு ஒரு படி மேற்சென்று செவிலித்தாயரை ஐவராக வகுக்கும். நீராட்டுபவள் ஆட்டுவாள், பாலும் சோறும் தருபவள் ஊட்டுவாள், தாலாட்டித் துயிற்றுபவள் ஓலுறுத்துவாள், சொல்லும் கதையும் கற்பிப்பவள் நொடி பயிற்றுவாள், ஏந்தித் தாங்குபவள் கைத்தாய். நொடி என்பது சொல்லையும் விடுகதையையும் சிறுகதையையும் குறிக்கும் சொல். பயிற்றுதல் ஆசிரியன் தொழிலைக் குறிக்க வழங்கும் வினை. எனவே, சேய்ப்பருவத்துக் கல்வியைத் தனித் தொழிலாகவும், அதனைச் செய்பவளைத் தனிப் பெயருக்கு உரியவளாகவும் நம் முன்னோர் கண்டனர் என்பது தெளிவு. ஆயின் அவளைத் தாயருள் வைத்து எண்ணினரேயன்றி ஆசிரியருள் வைத்து எண்ணினரல்லர். நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்பனவற்றை உவமை கூறிய நன்னூலார் தாயை உவமையாகவும் கூறவில்லை.

சீவக சிந்தாமணி இந்நிலையை நன்கு விளக்கும். கட்டியங்காரன் சூழ்ச்சியால் அரண்மனையை இழந்த விசயை மயிற்பொறியேறிச் சென்று சுடுகாட்டில் மகவீனுகின்றாள். இறந்த தன் மகவைப் புதைக்க வந்த கந்துக்கடன் அக்குழவியை எடுத்துச் செல்கின்றான். அவன் மனைவி சுநந்தை அதனை வளர்க்கின்றாள். பின்னர் அச்சணந்தி ஆசிரியனாகின்றான். பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தி, கற்பித்தவன் ஒருவன் எனத் தொழில் முக்கூறாகப் பிரிகின்றது. அச்சணந்தியிடம் செல்லும் சீவகன் ஊமையாகச் செல்லவில்லை. அவனுக்கு வாய்மொழி தந்தோர் சுநந்தையும் செவிலியருமே. ஆயினும் காப்பியத்துள் ஆசிரியன் என்னும் சிறப்பு அச்சணந்தி ஒருவனுக்கே உரியதாயிற்று.

கடனும் உரையும்

புறநானூற்று 312-ஆம் பாடல் பொன்முடியார் என்னும் புலவர் பாடியது. மகவைப் பெற்றுப் பேணுதல் தாய்க்கும், சான்றோனாக்குதல் தந்தைக்கும், வேல் வடித்துத் தருதல் கொல்லனுக்கும், நன்னடை நல்குதல் வேந்தனுக்கும் கடன் என அது பகுத்துரைக்கும். நன்னடை என்னுமிடத்துத் தண்ணடை என்பதும் பாடம். திருக்குறளும் மக்கட்பேறு அதிகாரத்து 67-ஆம் குறளில் அவையத்து முந்தியிருக்கச் செய்தலைத் தந்தைக்கு உரியதாக்கிற்று. இவ்விரண்டையும் காட்டித் தாய்க்குக் கல்வியில் பங்கில்லை என்பது மரபின் துணிவு எனச் சிலர் கொள்ளலாம். அது பொருந்தாது. பொன்முடியார் ஆளும் புறந்தருதல் என்னும் சொல் பாதுகாத்தலைக் குறிக்கும். மகவைப் பாதுகாத்தல் பால் மறக்கும் நாளோடு முடிவதன்று. தீயையும் நீரையும் பெயர் சொல்லிக் காட்டி, அணுகாதே எனக் கற்பித்தலும் பாதுகாத்தலே. சான்றோனாக்கும் தந்தையின் தொழில் தொடங்குமுன் தாயின் கல்வி ஒரு படி முடிந்திருத்தல் வேண்டும்.

இடர் மூலத்தினும் உரையிலேயே மிகுதி. மகன் சான்றோன் எனக் கேள்வியுற்ற தாய் அவனைப் பெற்ற ஞான்றினும் மகிழ்வாள் என்பது 69-ஆம் குறளின் கருத்து. பிறர் சொல்லக் கேட்டாள் என்றதற்குப் பரிமேலழகர் காரணம் கூறப் புகுந்து, பெண்ணியல்பால் தானாக அறியாமையைக் காட்டினார். இக்காரணத்திற்குக் குறளின் சொற்களில் இடமில்லை. தாய் தன் மகனைச் சான்றோன் எனத் தானே கூறுதல் அழகன்று; ஊரார் கூறக் கேட்டலே பெருமை. இவ்வாறு கொள்ளின் குறள் இனிது பொருள்படும். தமிழுரையாசிரியருள் தலைசிறந்தார் ஒருவர் ஈண்டு மூலத்தில் இல்லாத ஒன்றைத் தம் காலத்துக் கருத்தினின்று கொணர்ந்து சேர்த்தார் என்றே கொள்ள வேண்டியுள்ளது. மகவின் முதற்சொல்லைக் கேட்டறிந்து அடுத்த சொல்லை அளந்து தருபவளைத் தானாக அறியாதவள் என்றல் நொடி பயிற்றுவாள் என்னும் பெயரையே பொய்யாக்குவதாகும்.

பிள்ளைத்தமிழ் வழங்கும் சான்று

அவ்வறிவு எத்துணை நுண்ணியது என்பதற்குப் பிள்ளைத்தமிழே சான்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் முதலாக இவ்விலக்கியம் வளர்ந்தது. பாட்டியல் நூல்கள் இதன் பருவங்களை மூன்றாந் திங்கள் முதல் இருபத்தொன்றாந் திங்கள் ஈறாக ஒற்றைப்பட்ட திங்களில் அமைக்கும் முறையைக் கூறும். ஐந்தாந் திங்களில் கையூன்றித் தலைநிமிர்ந்து அசைதல் செங்கீரை. ஏழாந் திங்களில் தாலாட்டுக் கேட்டல் தால். ஒன்பதாந் திங்களில் கைகொட்டல் சப்பாணி. பதின்மூன்றாந் திங்களில் தளர்நடையிட்டு வருதல் வருகை. பின்னர் அம்புலியை அழைத்தலும், ஆண்மகவாயின் மணற்சிற்றில் சிதைத்தலும் சிறுபறை முழக்கலும் சிறுதேர் உருட்டலும் தொடரும். உடலசைவு, கேள்வி, கைத்தொழில், நடை, கற்பனை, விளையாட்டு எனக் கல்வி படிப்படியாக உயர்தல் காண்க. கருவுற்ற நாள்முதல் மகவுக்கு ஈராண்டு நிரம்புமளவும் உள்ள ஏறத்தாழ 1,000 நாள் அதன் வாழ்நாட்கு அடிப்படை என இக்கால மருத்துவர் கூறுவர். அந்நாட்களுள் பெரும்பகுதியைப் பாட்டியலார் திங்கள்தோறும் அளந்து வைத்துள்ளனர்.

இவை புலவர் கட்டிய மரபுகளேயன்றி மகளிர் அறிவாகா எனத் தடை நிகழ்த்தின், விடை கூறுதும். குழவி எத்திங்களில் தலைநிமிரும், எத்திங்களில் கைகொட்டும் என்பது அதனை மடியிற் கொண்டார்க்கே முதலில் புலனாவது. புலவர் அவ்வறிவைச் செவிலியரிடமிருந்து பெற்றுக் கடவுளர்க்கும் வேந்தர்க்கும் உரியதாக்கினர். பாடியவர் பெயர் நின்றது. அறிந்தவள் பெயர் நிற்கவில்லை. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியப் பயிற்சி நடத்தினார். கையால் தொட்டும் விளையாடியும் குழவி கற்கும் என்னும் அவர் கொள்கை இம்மண்ணுக்கு முற்றிலும் புதிதன்று; அதனைக் கற்பிப்பவள் பயிற்சி பெற்ற ஆசிரியை என்பதே ஈண்டுப் புதியதாயிற்று.

இற்றைநாள் வினா

இவ்வாராய்ச்சி ஏட்டோடு நிற்பதன்று. இராயபுரத்தில் ராஜா சர் இராமசாமி முதலியார் பெயரால் அமைந்த அரசு மகப்பேறு மருத்துவமனை உள்ளது. அங்கிருந்து திருவொற்றியூர் வழி எண்ணூர்வரை துறைமுகமும் மீன்பிடி துறைகளும் ஆலைகளும் தொடர்கின்றன. உழைத்துண்ணும் குடும்பங்கள் செறிந்த இந்நிலத்தில், பெற்ற மகவுக்குப் பாலூட்டிக்கொண்டே குழந்தைக் கல்விப் பணிக்குத் தம்மை ஆயத்தம் செய்துகொள்ளும் மகளிரும் உளர். நற்றாய் நிலையினின்று நொடி பயிற்றுவாள் நிலைக்கு ஒருத்தி தானே கடந்து செல்கின்றாள். சிந்தாமணியில் மூவராகப் பிரிந்த தொழில் இவளிடத்து ஒன்றுகூடுகின்றது.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித்திட்டம் 1975 அக்டோபர் 2-இல் 33 இடங்களில் தொடங்கப்பெற்றது. அதன்வழித் தோன்றிய அங்கன்வாடியில் பணிபுரிவாரை ஆசிரியை எனாது பணியாளர் என்றனர். நடுவணரசு அவர்க்கு அளித்தது ஊதியம் அன்று, மதிப்பூதியமே. மகப்பேற்று நலச் சட்டத்திற்கு 2017-இல் வந்த திருத்தம், ஐம்பதின்மரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. தாய் நாள்தோறும் நான்கு முறை அங்குச் சென்றுவரவும் இடந்தந்தது. பாலூட்டலைச் சட்டம் நினைந்தது. அங்கு நொடி பயிற்றுவார் யார் என்பதை நினைந்திலது. உச்சநீதிமன்றம் 2022 ஏப்பிரல் 25-இல் அங்கன்வாடிப் பணியாளர்க்குப் பணிக்கொடை உரித்து என்று தீர்ப்பளித்தது. மூன்று முதல் ஆறு வயதுக் குழவியர்க்கு அவர்கள் ஆற்றுவது கல்விப்பணியே என்பது அத்தீர்ப்பில் ஒரு காரணமாகக் காட்டப்பட்டமை எமக்கு மிகவும் கருதற்பாலது. நிகண்டு தாய் என்றது. உரையாசிரியர் அறியாதவள் என்றார். அரசு பணியாளர் என்றது. அவர் செய்வது கற்பித்தல் என்பது நீதிமன்றத்தின் வாயிலாகவே உறுதிபெற வேண்டியிருந்தது.

இதன்கண் தமிழ்த்துறையின் கடன் யாது? குழந்தைக் கல்விக்குப் பயிலும் மகளிர் பாடத்திட்டத்தில் உளநூலும் உடல்நூலும் இடம்பெறுதல் வேண்டற்பாலதே. அவற்றோடு பிள்ளைத்தமிழ்ப் பருவங்களும் தாலாட்டும் விடுகதையும் அவர்தம் தொழிற்கல்வியாகவே அமைதல் வேண்டும். பிள்ளைத்தமிழை அணிநலத்துக்கும் சந்தத்துக்கும் மட்டும் கற்பித்து வந்த நம் வகுப்பறைகள், அதனுள் உறையும் குழவியறிவையும் கற்பித்தல் வேண்டும். முதுகலை மாணவர் இராயபுரம் முதல் எண்ணூர்வரையுள்ள குப்பங்களிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் வழங்கும் தாலாட்டுகளையும் நொடிகளையும் திரட்டின் அது சிறந்ததோர் ஆய்வாகும். திரட்டுங்கால் பாடுவோர் இசைவு பெற்றுப் பாட்டோடு அவர் பெயரையும் குறித்தல் இன்றியமையாதது. முன்னைப் புலவர் விட்டுச்சென்ற குறை அதுவேயாதலின் என்க.