சிவிகையும் ஸ்கூட்டரும்: ‘நீடித்த போக்குவரத்து’ என்னும் சொல்லாடல் குறித்துச் சில குறிப்புகள்

1

மின்சார ஸ்கூட்டரைப் பற்றி ஒரு சிறுபத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இருக்கிறது. நாளிதழ்களில் வரும் முழுப்பக்க விளம்பரங்களை ஒரு பிரதியாக வைத்துப் படித்துப் பாருங்கள். ஒருவன், சில சமயம் ஒருத்தி, புகையில்லாமல், சத்தமில்லாமல், ஆளில்லாத சாலையில் போகிறான். பின்சீட்டில் அம்மாவோ அரிசி மூட்டையோ இல்லை. முன்னால் எருமை குறுக்கே நிற்பதில்லை. அவனுக்கு ஊர் கிடையாது, தெரு கிடையாது, எனவே சாதியும் கிடையாது. விளம்பரம்னா அப்படித்தானே இருக்கும் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அரசின் கொள்கை ஆவணங்களிலும் இதே ஆள்தான் வருகிறான். அங்கே அவன் பெயர் ‘நுகர்வோர்’. ‘பசுமை’, ‘புதுமை’, ‘நீடித்த வளர்ச்சி’, ‘தனிநபர் போக்குவரத்து’ என்ற நான்கு சொற்களைக் கொண்டு கட்டப்பட்ட இந்தச் சொல்லாடலில் எது பேசப்படுகிறது என்பதைவிட எது பேசப்படாமல் விடப்படுகிறது என்பதே என் அக்கறை.

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு முப்பத்தேழாம் குறள் நினைவிருக்கும். சிவிகையைச் சுமப்பவன், அதில் ஊர்பவன் என்று இரண்டு பேரை நிறுத்தி அறத்தைப் பேசுகிற குறள். பரிமேலழகர் அதை எப்படிப் படித்தார்? அறத்தின் பயனை நூல்களைக் கொண்டு நிறுவ வேண்டியதில்லை. சுமக்கிறவனையும் ஊர்கிறவனையும் பார்த்தாலே கண்கூடாகத் தெரிந்துவிடும் என்று. பின்னாளில் வந்த பகுத்தறிவு வாசிப்புகள் இதைத் தலைகீழாக்கின. இந்த ஏற்றத்தாழ்வைக் காட்டி இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே என்பதாக. எது சரி என்று இங்கே வழக்காட வரவில்லை. இரண்டு வாசிப்புக்கும் பொதுவான ஒன்று உண்டு. சுமப்பவனும் ஊர்பவனும் ஒரே காட்சிக்குள் இருக்கிறார்கள். வண்டியை நகர்த்துகிற சக்தி எங்கிருந்து வருகிறது என்பது பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரிகிறது. மின்சார ஸ்கூட்டரின் காட்சியில் ஊர்பவன் மட்டுமே மிஞ்சுகிறான். சுமப்பவன் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டான்.

2

வெளியே எங்கே? தூத்துக்குடியில் 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகள் கொண்ட அனல்மின் நிலையம் இருக்கிறது. அதைச் சுற்றிச் சாம்பல் இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி. 2023 ஜூலையில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவியில் நின்ற நெல்வயலுக்குள் பொக்லைன் இறங்கியதைத் தொலைக்காட்சியில் நாம் எல்லோரும் பார்த்தோம். இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னமும் நிலக்கரியிலிருந்து வருகிறது. பேட்டரிக்கு வந்தால் சிலி நாட்டு உப்புப் பாலைவனத்தின் லித்தியம், காங்கோவின் கோபால்ட். உலகத்துக் கோபால்ட்டில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் தோண்டப்படுகிறது. தோண்டுகிறவர்களில் குழந்தைகளும் உண்டு. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் புகை இல்லை என்றால் அது வேறெங்கோ இருக்கிறது.

இதைச் சொன்னதும் இடதுசாரி நண்பர் ஒருவர், “பார்த்தீங்களா தோழர், எல்லாம் முதலாளியோட ஏமாத்து” என்று முடித்துவிட்டார். அவ்வளவு சுலபமில்லை. பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளின் சக்தியில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வெப்பமாக வீணாகிறது. மோட்டாரில் வீணாவது மிகக் குறைவு. நூறு கிலோமீட்டர் ஓட மின் ஸ்கூட்டருக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் போதும். பெட்ரோல் ஸ்கூட்டருக்கு இரண்டு லிட்டர் வேண்டும். நிலக்கரி மின்சாரத்திலேயே ஓடினாலும் கணக்கு பெரும்பாலும் மின்வண்டிப் பக்கமே சாய்கிறது. காற்றாலையும் சூரிய ஒளியும் கூடக்கூட இன்னும் சாயும். சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிக்குத் தினம் போய்வருகிற ஒருவருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்பது ஏமாற்று அல்ல, வீட்டுக்கணக்கு. எனவே மின்வண்டி வேண்டுமா வேண்டாமா என்பதல்ல கேள்வி. ‘நீடித்த’ என்றால் எது நீடிக்க வேண்டும்? இந்தச் சாலையில் இப்போது இருக்கிற எல்லாமுமா?

3

இங்கே நம் வட்டாரத்து வரலாறு ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு புதிய அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. கட்டபொம்மனின் தளபதிகளில் ஒருவரான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. ஒரு தலித் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினரில் ஒரு பகுதி கிளம்பியது. பஸ்கள் உடைபட்டன. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரக் கிராமங்கள் எரிந்தன, உயிர்கள் போயின. அந்த ஆண்டு ஜூலையில் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர்களை நீக்கியது. பெயரை எடுத்தார்கள், தெருவை அப்படியே விட்டார்கள்.

அதே பஸ், அதே டீசல், அதே டிக்கெட். பக்கவாட்டில் எழுதப்பட்ட ஒரு பெயர் போதும், வண்டி வேறு பொருளாகிவிடுகிறது. வாகனம் என்பது நம்மிடையே வெறும் இயந்திரமாக ஒருநாளும் இருந்ததில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? ஊர்த்தெருவுக்குள் வரும்போது சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு தென் மாவட்டத் தீண்டாமை பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டிக்கொண்டு போனதுதான் காரணம் என்றது குடும்பத்தின் புகார்.

கைகளை வெட்டியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஹேண்டில்பாரைப் பிடிக்கிற கைகள். மின்வண்டியின் பெருமையாகச் சொல்லப்படும் ‘சத்தமின்மை’யை இந்த இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும். புல்லட்டின் சத்தம் ஒரு குடியிருப்புக்கு ஒலி மாசு; இன்னொரு குடியிருப்பிலிருந்து வருகிறவனுக்கு அது ‘நானும் இந்த வழியாத்தான் போறேன்’ என்ற அறிவிப்பு. சத்தம் நல்லது என்று சொல்லவில்லை. அமைதியை ஒரு மதிப்பாக முன்வைக்கிற பசுமைச் சொல்லாடலுக்கு, யார் இதுவரை பேசியிருக்கிறார்கள், யார் பேசவே இல்லை என்ற கேள்வி எழுவதில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

‘புதுமை’ என்ற சொல்லையும் இங்கிருந்தே மறுபரிசீலனை செய்யலாம். தமிழ்நாட்டில் தனிநபர் போக்குவரத்தில் நடந்த பெரிய புதுமை எது என்று என்னைக் கேட்டால், 1991-92இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதைச் சொல்வேன். அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றார்கள் என்று பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். இயந்திரத்தில் ஒரு திருகுகூடப் புதிதில்லை. உட்கார்ந்த உடல் புதிது. தொடர்ந்து 2001-02இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கும் 2005-06 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்பு மாணவர் எல்லோருக்கும் விலையில்லாச் சைக்கிள். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போக அப்பாவிடமோ கணவனிடமோ காசு கேட்க வேண்டாத ஒரு பெண், பேட்டரி இல்லாமலே நடந்த ஒரு மாற்றம்.

4

இனிக் கொள்கைக்கு வருவோம். இவான் இலிச் 1974-இல் எழுதிய ‘எனர்ஜி அண்ட் ஈக்விட்டி’ சிறு நூல்தான். அதன் வாதம் நம் பக்கங்களுக்குப் பழக்கமானது. போக்குவரத்தின் வேகம் ஒரு எல்லையைத் தாண்டினால் சமத்துவம் குறைகிறது. சிலருடைய நேரம் மிச்சமாகிறது, பலருடைய நேரம் பறிபோகிறது. அவர் சொல்லும் எல்லை மணிக்கு ஏறக்குறைய பதினைந்து மைல். அதாவது நம் கணக்கில் 24, 25 கிலோமீட்டர்.

இந்திய மோட்டார் வாகன விதிகளைப் பாருங்கள். 250 வாட்டுக்குள் மோட்டாரும் 25 கிலோமீட்டருக்குள் வேகமும் கொண்ட பேட்டரி வண்டி ‘மோட்டார் வாகனம்’ ஆகாது. லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம். இலிச்சைப் படித்து யாரும் இந்த விதியை எழுதியிருக்கப் போவதில்லை. ஆனாலும் இலிச்சின் எல்லையிலேயே வந்து நிற்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகப் படியேறாமல், புரோக்கருக்குக் காசு கொடுக்காமல் ஒரு தையல்காரம்மா, ஒரு ரிட்டையர்டு மில் தொழிலாளி ஓட்டக்கூடிய வண்டி இது ஒன்றுதான். ஏப்ரல் 2019-இல் தொடங்கிய ஃபேம்-2 மானியத் திட்டம் இதை என்ன செய்தது? மானியம் வேண்டுமானால் வண்டி குறைந்தது 40 கிலோமீட்டர் வேகம் போக வேண்டும், ஒரு சார்ஜில் 80 கிலோமீட்டர் ஓட வேண்டும், பேட்டரி ஈய-அமில வகையாக இருக்கக்கூடாது என்றது. மெதுவான வண்டி வெளியே தள்ளப்பட்டது. பசுமை என்ற பெயரில் அரசு மானியம் கொடுத்தது வேகத்துக்கு.

இன்னொரு கணக்கு. 2019 ஆகஸ்டில் மின்வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. கோடி ரூபாய் மின்காருக்கும் அதே ஐந்துதான். புகையோ பேட்டரியோ நிலக்கரியோ எதுவும் கேட்காத சைக்கிளுக்கு? 2025 செப்டம்பர் வரை 12 சதவீதம். ஆறு ஆண்டுகள். ‘நீடித்த போக்குவரத்து’ என்ற சொல்லாடலைக் கட்டவிழ்க்க இதற்குமேல் தத்துவம் வேண்டுமா?

5

ராஜபாளையத்துக்கு வருகிற வழியில் தே. கல்லுப்பட்டி இருக்கிறது. ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் வாழ்ந்த இடம். 1945-இல் சிறையிலிருந்து ‘எகானமி ஆஃப் பெர்மனென்ஸ்’ எழுதியவர். தோண்டத் தோண்டக் குறைகிற நிலக்கரி, எண்ணெய் போன்றவற்றை நம்பும் பொருளாதாரம், ஓடும் நீர், வளரும் மரம் போன்றவற்றை நம்பும் பொருளாதாரம் என்று பிரித்துப் பார்த்தவர். ‘நீடித்த’ என்ற பேச்சு உலக மேடைக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இதெல்லாம் நம் பக்கத்து ஊரில் பேசப்பட்டுவிட்டது. அவரை மறந்துவிட்டுக் கம்பெனிகளிடமிருந்து இந்தச் சொல்லைக் கற்றுக்கொள்கிறோம்.

ஆனால் குமரப்பாவையும் இலிச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மாட்டுவண்டியின் வேகத்தைப் புகழ்கிற கிராமத்தில் யார் வண்டியில் இருந்தார்கள், யார் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்? ஒரு கூட்டத்தில் இலிச்சைப் பற்றிப் பேசி முடித்தபோது ஒரு தலித் இளைஞர் எழுந்து, “இத்தன காலமா மெதுவாத்தான சார் போனோம்? இப்பத்தான வண்டி வாங்கியிருக்கோம். இப்பப் போயி வேகத்தக் கொறங்கிறீங்க” என்றார். இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிற எந்தச் சூழலியலும் எனக்கு ஏற்புடையதல்ல. எல்லை என்பது மேலிருந்து தொடங்க வேண்டும். ஐந்து சதவீத வரி கட்டும் மின்காரிலிருந்து, நாற்கரச் சாலையிலிருந்து. கீழே இருக்கிறவனுக்கு முதலில் சாலை; பிறகுதான் எல்லோருக்குமான வேகம்.

மற்றொன்று, பழுதுபார்த்தல். தென்காசி ரோட்டில் ஒரு மெக்கானிக், சத்தத்தைக் கேட்டே பிளக்கா கார்புரேட்டரா என்று சொல்லக்கூடியவர். மின்வண்டியைப் பற்றிக் கேட்டேன். “இதுல நான் கை வைக்க என்ன தம்பி இருக்கு? பேட்டரிப் பெட்டியத் தொறந்தா வாரண்டி போச்சுங்கான். உள்ள என்னங்கிறது கம்பெனிக்காரன் லேப்டாப்புக்குத்தான் தெரியும். அந்த மெதுவண்டின்னா பரவாயில்ல. அஞ்சு பேட்டரி, ஒரு கன்ட்ரோலர், சக்கரத்துக்குள்ள மோட்டார். கழட்டி மாட்டிறலாம்.” பள்ளிக்கூடம் தராத ஒரு அறிவு இந்தக் கடைகளில் தலைமுறையாகச் சேர்ந்திருக்கிறது. அதைப் பூட்டிய பெட்டிக்கு வெளியே நிறுத்துவதும் ஒரு அதிகாரச் செயல்பாடுதான். ஈய பேட்டரியைக் கொல்லைப்புறத்தில் உருக்குகிறபோது பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறுகிறது என்பதும் உண்மை. அதனால் மெதுவண்டியையும் புனிதமாக்க வேண்டாம். பூட்டப்படாத நல்ல பேட்டரியைக் கேட்போம், தெருமுனை மெக்கானிக்குக்குப் பயிற்சியும் கருவியும் கேட்போம். 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜ் போட்டிருந்த வண்டி தீப்பற்றி, தந்தையும் மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். பாதுகாப்பு என்பது அறிவைப் பூட்டிவைத்தா வரும், பரப்பினால் அல்லவா வரும்?

2023 பிப்ரவரியில் வெளியான தமிழ்நாட்டு மின்வாகனக் கொள்கை ஆறு நகரங்களை முன்மாதிரியாக அறிவித்தது. சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி. நம்மூர் பட்டியலில் இல்லை. இதை ஒரு இழப்பாகப் பார்க்கத் தேவையில்லை. இங்கே கேள்விகளை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளக் கிடைத்த அவகாசமாகப் பார்க்கலாம். சார்ஜிங் நிலையம் எந்தத் தெருவில் வரும்? காலனிக்குள் வருமா, ஊருக்குள் வந்து காலனிக்காரரைக் காத்து நிற்கவைக்குமா? மின்சார பஸ் 2025 ஜூனில் சென்னையில் ஓடத் தொடங்கியதே, அது இங்கே வரும்போது காலனி நிறுத்தத்தில் நிற்குமா? களப்பணியில் இருக்கும் நண்பர்கள் தங்கள் ஊரில் எந்தத் தெருவில் இன்னமும் யார் வண்டியை விட்டு இறங்கித் தள்ளுகிறார்கள் என்று எழுதி அனுப்பட்டும். அந்த வரைபடம் கையில் கிடைத்த பிறகு ‘நீடித்த’ என்ற சொல்லைப் பற்றி மறுபடி பேசலாம்.