ஆர்வம் இல்லாத நீதிபதியா, ஆதாயம் இல்லாத நீதிபதியா?



‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டுப் பாருங்கள். மாணவர்களில் பலர் ‘ஆர்வமில்லாத’ என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். அது ‘அன்இன்ட்ரஸ்டட்’ என்ற சொல்லுக்கு உரிய பொருள். முதல் சொல் குறிப்பது, ஒரு விஷயத்தில் தனக்கென்று லாப நட்டம் இல்லாத, ஆகவே ஒரு பக்கம் சாயக் காரணம் இல்லாத ஆளை. நீதிபதி முதல் வகையாக இருந்தால் வழக்காடுபவருக்கு நிம்மதி. இரண்டாம் வகையாக இருந்தால் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார்!

குழப்பத்தின் வேர் ‘இன்ட்ரஸ்ட்’ என்ற சொல்லில் இருக்கிறது. ஆர்வம், ஆதாயம், வங்கி வட்டி எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்தான். தமிழில் மூன்றும் தனித்தனி. ஆகவே தமிழ் வழியாக யோசிக்கும் மாணவருக்கு இது சுலபமாகவே வர வேண்டும். நாம்தான் ‘இல்லாத’ என்ற ஒட்டை மட்டும் காட்டிவிட்டு, எது இல்லாத என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

இதற்காக உடனே சிவப்பு மையை எடுத்துவிட வேண்டாம். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இந்த இரண்டு சொற்களும் இன்றைக்கு நேர்மாறான பொருளிலும் வழங்கின. இன்றும் ஆங்கிலேயர் பலர் முதல் சொல்லை ‘ஆர்வமில்லாத’ என்ற பொருளில் எழுதுகிறார்கள். அகராதிகளும் அதைப் பதிவு செய்கின்றன. ஆனால் ஆதாயம் கலவாத நிலைக்கு ஒரு தனிச்சொல் இருப்பது பெரிய வசதி. அதைக் கைவிட்டால் நட்டம் நமக்குத்தான்.

ஏன் என்பதற்கு ஒரு வழக்கு. 1852இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை, கோட்டன்ஹாம் பிரபு வழங்கிய ஒரு தீர்ப்பை ரத்துச் செய்தது. வழக்கில் வென்றது கிராண்ட் ஜங்ஷன் என்ற கால்வாய் நிறுவனம். அதில் அவருக்குப் பங்கு இருந்தது. அவர் பாரபட்சம் காட்டினார் என்று சபை சொல்லவில்லை. பங்கு இருந்ததே போதும் என்றது. கவனியுங்கள்: பாரபட்சமின்மை என்பது தீர்ப்புச் சொல்லும் விதம், ஆதாயமின்மை என்பது தீர்ப்புக்கு முன்பே அவர் எங்கே நிற்கிறார் என்பது.

நம் முன்னோருக்கும் இது தெரிந்திருந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் தேர்வுக்கு வர முடியாது. குடத்தில் கைவிட்டு ஓலையை எடுப்பவன் ஒன்றும் அறியாச் சிறுவன். யார் பெயர் வந்தாலும் அவனுக்கு ஒன்றுதான்.

நம் கமுந்திங் மண்ணிலேயே ஓர் எதிர் உதாரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இந்த இடத்துக்குப் பெயர் கிளியான் பாரு. இங்கே ஈயம் தோண்டியவர்கள் கீ ஹின் சங்கத்தார். பக்கத்துக் கிளியான் பாவில், அதாவது இன்றைய தைப்பிங்கில், ஹை சான் சங்கத்தார். இவர்கள் லாருட் சண்டையைத் தீர்த்து வைக்க ஆளுநர் சர் ஆண்ட்ரூ கிளார்க் முன்வந்தார். 1874 ஜனவரி 20இல் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. சண்டை ஓய்ந்தது உண்மை. ஆனால் அதே உடன்படிக்கை வழியாகத்தான் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பேராக்கில் கால் வைத்தார். சமயமும் மலாய் வழக்கமும் தவிர மற்றவற்றில் அவர் ஆலோசனையைக் கேட்டே ஆக வேண்டும் என்றானது. ஈயத்தில் பணம் போட்டிருந்த நீரிணைக் குடியேற்ற வணிகர்களுக்கும் நிம்மதி. வரலாற்றுப் பாடத்தில் இது வரும்போது கேளுங்கள்: கிளார்க் இந்த இரண்டு சொற்களில் எது? ஆர்வம் இல்லாதவரா? இல்லவே இல்லை. ஆதாயம் இல்லாதவரா? அதுவும் இல்லை. நடுவர் என்று வந்தவர்கள் எல்லாரையும் இப்படிக் கேட்டுப் பார்க்கப் பழகிவிட்டால் மாணவர் பாதிக் கிணறு தாண்டிவிட்டார்.

இப்போது என் உண்மையான மனக்குறைக்கு வருகிறேன். இதே குழப்பத்தை நாம் தமிழிலும் செய்கிறோம். ‘நடுநிலை’ என்றால் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கி நிற்பது என்றாகிவிட்டது. வகுப்பில் ஒரு பையனை நாலு பேர் கேலி செய்யும்போது, பார்த்துக்கொண்டிருந்தவரை விசாரித்தால் “நான் நடுநிலை டீச்சர், எனக்கென்ன வந்துச்சு?” என்கிறார். அது நடுநிலை அல்ல. ஆர்வமின்மை, இன்னும் சரியாகச் சொன்னால் அக்கறையின்மை.

திருக்குறளின் 12ஆம் அதிகாரம் நடுவுநிலைமை. அதற்கு உரை எழுதும் பரிமேலழகர் பகை, நொதுமல், நட்பு என மூன்று தரப்பைச் சொல்லி, மூன்றிடத்தும் அறம் வழுவாமல் ஒரே மாதிரி நிற்பதே நடுவுநிலைமை என்கிறார். நொதுமல் என்பது பகையும் நட்பும் இல்லாத அயல் நிலை. அது நம் எதிரே நிற்கும் ஒரு தரப்பு மட்டுமே. நடுவுநிலைமை நாம் மூன்று தரப்புக்கும் செய்ய வேண்டிய வேலை. கேலி செய்பவன் நண்பனாக இருந்தாலும் “இது தப்பு” என்று சொல்வதுதான் அந்த வேலை.

வகுப்புக்கு ஒரு சின்னப் பயிற்சி. பேச்சுப்போட்டிக்கு மூன்று நடுவர்கள். ஒருவர் போட்டியாளரின் சித்தப்பா. இன்னொருவர் கைப்பேசியைத் தடவிக்கொண்டே இருப்பவர். மூன்றாமவர் யாரையும் அறியாதவர், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கூர்ந்து கேட்பவர். எந்தச் சொல் யாருக்கு என்று மாணவரையே பொருத்தச் சொல்லுங்கள். யாரை நடுவராக ஏற்பீர்கள், ஏன் என்று இரண்டு வாக்கியம் தமிழில் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலச் சொல் மனத்தில் நிற்கும். நம் நடுவுநிலைமையும் அதன் சொந்தப் பொருளுக்குத் திரும்பும்.