இடம் மாறிய ஒற்றைக்கொம்பு

பூந்தமல்லியில் குடியிருக்கிறவனுக்கு மழைக்காலத்தில் ஒரு பழக்கம் தானா வந்துடும்: செம்பரம்பாக்கம் ஏரியில் எத்தனை அடின்னு பார்ப்பது. முழு உயரம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பரைப் பார்த்தவங்களுக்கு இந்த எண்களை விளக்க வேண்டாம். சென்னைக் குடிநீர் வாரியத் தளத்தில் தினமும் வரும் அளவைக் குறித்து வைத்து, மேட்பிளாட்லிப்பில் கோடாக வரைந்து பார்ப்பேன்.

போன மழையில் அந்தப் படத்தைத் தெரு வாட்ஸப் குழுவில் போட நினைத்தேன். அதுக்குத் தலைப்பு தமிழில் வேணுமே. மாத்தினா வெறும் கட்டங்கள். கூடவே வரும் எழுத்துருவில் தமிழே கிடையாது. நோட்டோ தமிழைக் கொடுத்தேன். எழுத்து வந்தது, ஆனா 'செ'வின் ஒற்றைக்கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. ஏரி பேரையே படிக்க முடியலை.

யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுது. அதை முன்னால் கொண்டுவருவது எழுத்தைக் கோக்கும் நிரலின் பொறுப்பு. என்னிடம் இருக்கும் மேட்பிளாட்லிப் பதிப்பு கோப்பதே இல்லை. சேமித்த வரிசையில் அப்படியே அடுக்கிட்டுப் போகுது. ஜான் ஹண்டர் 2003-ல் வெளியிட்ட நிரல், உலகமே பயன்படுத்துது. "லேபிளை இங்கிலீஷ்ல போட்டுட்டுப் போயேன்" என்று நண்பர்கள் சொல்வாங்க. ஆய்வுக்கட்டுரைக்குச் சரி. என் தெருவுக்கு?

வேடிக்கை என்னன்னா, 1986-ல் வந்த க்னூபிளாட் இதைச் சரியாச் செய்யுது. (பேரில் க்னூ இருந்தாலும் க்னூ திட்டத்தோடு அதுக்கு உறவில்லை.) கட்டளைகள் கரடுமுரடு, ஒரு காற்புள்ளி விட்டாலும் கத்தும். ஆனா பிஎன்ஜிகெய்ரோ வழியா எழுதச் சொன்னா, எழுத்துக் கோக்கும் வேலையைப் பாங்கோ நூலகத்திடம் விட்டுடும். கட்டளையே வேண்டாம், மவுஸ் போதும்னா கேடிஇ குழுவின் லேப்பிளாட். க்யூட்டி மேல் கட்டியதால் அதிலும் தமிழ் உடையாது. பைத்தானை விட மனசில்லாதவங்களுக்கு எம்பிஎல்கெய்ரோ இருக்கு, ராக்ம் நூலகத்தோடு சேர்த்து நிறுவணும். கட்டற்ற மென்பொருளில் எனக்குப் பிடிச்சதே இதுதான்: கோளாறு எங்கேன்னு திறந்து பார்க்கலாம், யாராவது ஒருத்தர் மாற்று எழுதியிருப்பார். ஆனா புதுசா வர்ற மாணவருக்கு இந்தச் சுற்றுவழியெல்லாம் எப்படித் தெரியும்?

க்னூபிளாட்டில் திரும்ப வரைந்து குழுவில் போட்டேன். எதிர்வீட்டு அம்மா சாயங்காலம் வாசலில் நிறுத்திக் கேட்டாங்க: "தம்பி, மேல இருக்கிற செகப்புக் கோடுதான் 24 அடியா? இன்னும் எத்தனை அடி பாக்கி?"