3.6 யூனிட் எங்கே போகிறது?

150 ஏஎச் டியூபுலர் பேட்டரி இரண்டைச் சீரியஸில் கோத்தால் 24 வோல்ட். பெருக்கிப் பார்த்தால் 3.6 யூனிட். கடைக்காரர் அதோடு நிறுத்திக்கொள்வார். பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும் என்பதால் நமக்கு 1.8தான். இன்வெர்ட்டரில் வீணாவதும் போனால் ஒன்றரை யூனிட் கைக்கு வரும். சோலார் வைத்தவர்களுக்குத் தெரிந்த கதைதான் இது. இந்த நிமிடம் மிச்சம் எவ்வளவு என்பதுதான் தெரியாது.

இன்வெர்ட்டர் முகப்பில் எரியும் கட்டங்கள் வோல்டேஜைப் பார்த்துச் சொல்லும் ஜோசியம். மிக்ஸி ஓடினால் இரண்டு கட்டம் காணாமல் போகும். சட்னி அரைத்து முடித்ததும் திரும்பி வந்துவிடும். இவ்வளவு விலை வைத்து விற்பவர்களுக்கு உள்ளே கரன்ட்டை அளக்கும் ஒரு ஷன்ட் வைக்க மனசு வரவில்லை.

அதனால்தான் ஆன்லைனில் ஒரு பேட்டரி மீட்டரை வாங்கினேன். உள்ளங்கை அகலத் திரை, நெகட்டிவ் கேபிளில் மாட்ட ஒரு ஷன்ட். மாட்டும்போது எலக்ட்ரீஷியன் பக்கத்திலேயே நில்லுங்கள். சார்ஜ் கன்ட்ரோலரின் நெகட்டிவை ஷன்ட்டைத் தாண்டி நேராக பேட்டரி முனையில் முறுக்கிவிட்டால், செலவு மட்டும் கணக்கில் ஏறும், வரவு ஏறாது.

மாட்டிய இரவே வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்த்தேன். திரையில் 0.8 ஆம்பியர் நின்றது. விளக்கில்லை, ஃபேனில்லை, இன்வெர்ட்டர் சும்மா விழித்திருப்பதற்கான கூலி அது. சுமார் 20 வாட். நாள் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட அரை யூனிட், அதாவது கைக்கு வரும் ஒன்றரையில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு பிஎல்டிசி ஃபேன் எட்டு மணி நேரம் சுற்றினாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். இந்த ஒரு எண்ணுக்காகவே கொடுத்த காசு தகும். இப்போது பகலில் கரன்ட் இருக்கும்போது ஃபிரிட்ஜைத் தவிர எதை இன்வெர்ட்டர் லைனில் விடுவது என்று வீட்டில் பஞ்சாயத்தே நடக்கிறது.

சதவீதம்தான் தலைவலி. லெட் ஆசிட் பேட்டரியில் 100 ஏஎச் எடுத்தால், திரும்ப நிரப்ப 110, 115 போட வேண்டும். இந்த மீட்டருக்கு அது தெரியாது. உள்ளே போனதெல்லாம் சேமிப்பு என்றே எழுதிக்கொள்ளும். வெயில் காலத்தில் தினமும் முழு சார்ஜ் ஏறி கணக்கு நேராகிவிடும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் போச்சு. ஐப்பசி அடைமழையில் திரை 82 சதவீதம் என்றது; ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தால் ஆசிட் அடர்த்தி 1.190. நிறைந்த டியூபுலருக்கு 1.240 அளவில் வர வேண்டும்.

நீல வெளிச்சத்தை அணைக்க வழி வைக்காதது தனி எரிச்சல். படுக்கையறைப் பக்கம் மாட்டாதீர்கள்.

வாங்குபவர்களுக்கு ஒன்று: செட்டிங்கில் கொள்ளளவு கேட்கும் இடத்தில் 150 போடாமல் 75 போடுங்கள். பூஜ்யம் காட்டும்போது பேட்டரியில் இன்னும் பாதி இருக்கும். மழை நாட்களில் அந்தப் பூஜ்யத்துக்கும் முன்னாலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.